சிறுவயதுக் கார்ட்டூன், நிஜ நடிகர்கள், இரண்டாம் பாகம்: பார்வையாளர் கருத்தைக் கேட்டுத் தொகுப்பது எப்படி?

நடிகர்களைக் கொண்டு படமாக்கப்பட்ட ஒரு கார்ட்டூனின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருபவரிடம் “படம் எப்படி?” என்று கேட்டால், அவர் ஒரே மூச்சில் மூன்று விடயங்களுக்குப் பதில் சொல்கிறார். சற்றுமுன் பார்த்த படம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் வந்த முதற்பாகம் இன்னொன்று. ஏழெட்டு வயதில் தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்த கார்ட்டூன் மூன்றாவது. “முந்தி மாதிரி இல்லை” என்று அவர் சொன்னால், அது இம்மூன்றில் எதைப் பற்றியது என்பது கேட்டவருக்கும் தெரியாது. பல வேளைகளில் சொன்னவருக்கும் தெரியாது. பார்வையாளர் கருத்து என்று நாம் தொகுத்து வெளியிடுபவற்றில் பெரும்பகுதி பயனற்றுப் போவதற்கு இந்தக் கலப்பே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

பாடசாலை ஊடகக் கழகத்துக்காகவோ, வானொலி நிகழ்ச்சிக்காகவோ, சஞ்சிகைக்காகவோ, நண்பர்கள் கூடி நடத்தும் திரைப்படக் கலந்துரையாடலுக்காகவோ கொழும்பில் தமிழ் பேசும் பார்வையாளரின் கருத்தைத் திரட்ட விரும்புவோருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இதன் அடிப்படை ஒன்றுதான்: ஒருவர் படத்தைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்பதற்கு முன், அவர் எந்த நினைவோடு திரையரங்குக்குள் போனார் என்று கேட்க வேண்டும்.

கேட்பவர் செய்ய வேண்டிய ஆயத்தம்

கேள்வி கேட்கப் போகிறவர் மூலக் கார்ட்டூனில் சில பாகங்களையாவது பார்த்திருக்க வேண்டும். முதற்படத்தை முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கும்போது எது மாற்றப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் மக்கள் மனத்தாங்கலோடும் மகிழ்ச்சியோடும் பேசுவது பெரும்பாலும் அந்த மாற்றங்களைப் பற்றித்தான். அவற்றை அறியாதவருக்குப் பதிலின் பாதி காதில் விழாமலே போகும்.

ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் தொடரை எடுத்துக்கொள்வோம். 1984 இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூனில், வாகனங்களாக உருமாறும் இயந்திர மனிதர்களில் ஒன்றான பம்பிள்பீ ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார். மைக்கேல் பே 2007 இல் இயக்கிய படத்தில் அது செவர்லே கமாரோவாக மாறியது. ட்ராவிஸ் நைட் 2018 இல் இயக்கிய ‘பம்பிள்பீ’ அதை மறுபடியும் பீட்டில் காராகவே கொண்டுவந்தது. இப்போது இரண்டு பேர் உங்களிடம் “இதுதான் உண்மையான பம்பிள்பீ” என்று சொல்கிறார்கள். ஒருவருக்கு நாற்பத்தைந்து வயது, மற்றவருக்கு இருபத்திரண்டு. முதலாமவர் சொல்வது பீட்டிலை. இரண்டாமவர் கமாரோவைக் கண்டு வளர்ந்தவர். அவருக்கு மூலம் என்பதே 2007 ஆம் ஆண்டுப் படம்தான். இந்த வேறுபாட்டை அறியாமல் இருவரையும் ஒரே வரிசையில் எழுதிவைத்தால், முரண்பட்ட இரண்டு கருத்துகளை ஒற்றுமை என்று வாசகருக்குக் காட்டியவர்களாவோம்.

கதையிலும் இப்படியான பழைய தழும்புகள் உண்டு. 1986 இல் வெளியான ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் அசைவூட்டப் படத்தில் நல்ல இயந்திர மனிதர்களின் தலைவரான ஒப்டிமஸ் பிரைம் இறந்தபோது குழந்தைகள் திரையரங்கிலேயே அழுதார்கள் என்பது பலரும் பதிவு செய்த செய்தி. 2009 இல் வந்த இரண்டாவது நடிகர் படத்திலும் அதே பாத்திரம் போரில் வீழ்கிறது. கார்ட்டூனில் அதற்குக் குரல் கொடுத்த அதே பீட்டர் கலனே இங்கும் குரல் கொடுத்தார். 1986 ஐ அறிந்தவருக்கு அந்தக் காட்சி பழைய காயத்தைத் தொடும். அறியாதவருக்கு அது இன்னொரு சண்டைக் காட்சி மட்டுமே. இருவரில் யாருடைய கருத்தும் தவறில்லை, ஆனால் அவை ஒரே அனுபவத்தின் இரண்டு பதில்கள் அல்ல.

அடுத்து வரப்போகும் படங்களுக்கு இப்போதே ஆயத்தமாகலாம். 2010 இல் அசைவூட்டப் படமாக வந்த ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் ட்ராகன்’ 2025 இல் நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கப்பட்டது. மூலப் படத்தை இயக்கிய இருவரில் ஒருவரான டீன் டிபுளோவாவே இதையும் இயக்கினார். அசைவூட்டப் படத்தில் தலைவர் ஸ்டோயிக்கின் குரலாக இருந்த ஜெராட் பட்லர், இதில் அதே பாத்திரத்தில் முகம் காட்டி நடித்தார். இதன் இரண்டாம் பாகத்தை 2027 ஜூனில் வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். 2014 இல் வந்த இரண்டாவது அசைவூட்டப் படத்தைப் பார்த்தவர்கள், கதையின் நடுவே வரும் பெரிய இழப்பை எதிர்பார்த்தபடியே அரங்குக்குப் போவார்கள். 2025 ஆம் ஆண்டுப் படத்தை மட்டும் பார்த்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆகவே படம் தொடங்குமுன் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்கும் எந்தக் கேள்வியிலும் அந்த இழப்பைப் பற்றிய சாடைகூட இருக்கக்கூடாது. ஒரு குழந்தையின் முதல் அதிர்ச்சியைப் பறித்துவிட்டு அதன் கருத்தைக் கேட்பது அநியாயம்.

நம்முடைய ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் ஆயத்தத்தின்போதே மனத்தில் இருத்த வேண்டும். இங்குள்ளவர்கள் ஒரே கார்ட்டூனை வெவ்வேறு மொழிகளில் பார்த்து வளர்ந்தவர்கள். 1982 இல் தொடங்கிய அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த தலைமையில் சிங்களக் குரலேற்றம் பெற்ற கார்ட்டூன்கள் தென்னிலங்கைச் சிறுவர்களின் ஒரு தலைமுறையையே வளர்த்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலரும் பக்ஸ் பன்னியை ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்றே அறிந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கேபிள் வழியாகச் சுட்டி டிவி பார்த்தவர்கள். 2007 இல் தொடங்கிய அந்த அலைவரிசையில் டோராவும் புஜ்ஜியும் தமிழிலேயே பேசினார்கள். டோராவோடு சேர்ந்து “குள்ளநரி திருடக்கூடாது” என்று மூன்று முறை சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். இன்னொரு சாரார் ஆங்கிலத்திலேயே பார்த்தவர்கள். கொழும்புத் திரையரங்குகளில் இத்தகைய படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுவதால், தமிழ்க் குரலை நினைவில் வைத்திருப்பவர் அரங்கில் கேட்பது அவருக்கு அறிமுகமே இல்லாத ஒரு குரலை. “அதே ஆள் இல்லை” என்று அவர் சொல்லும்போது நடிகரைக் குறை சொல்வதாக நாம் நினைத்துவிடக்கூடாது. அவர் தேடியது சிறுவயதில் தமிழ் பேசிய குரலாக இருக்கலாம்.

எங்கே நிற்பது, எப்போது கேட்பது

வெள்ளவத்தை சவோய், கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி, பம்பலப்பிட்டி மெஜஸ்டிக் சிட்டி, கொழும்பு சிட்டி சென்டர், வன் கோல் ஃபேஸ் ஆகியவற்றுக்கு வரும் கூட்டம் ஒன்றுபோல இராது. கடைத்தொகுதிக்குள் இருக்கும் அரங்கிற்குக் குடும்பமாக வருபவர்களில் பலர் சாப்பாடு, கடை, படம் என்று ஒரு நாளைக் கழிக்க வந்தவர்கள். காலி வீதியோரத்து அரங்கிற்கு வருபவர்களில் படத்துக்காகவே வந்தவர்கள் அதிகம் என்பது என் கவனிப்பு. ஓர் இடத்தில் மட்டும் கேட்டுவிட்டுக் “கொழும்புப் பார்வையாளர்” என்று தலைப்பிடக்கூடாது. இரண்டு இடங்களிலாவது கேளுங்கள். கடைத்தொகுதிக்குள் நின்று கேட்பதாயின் நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். அனுமதியின்றி நின்றால் காவலாளி வந்து விலக்குவார், அது அவருடைய கடமை.

முதல் நாள் முதற்காட்சிக்கு வருபவர்கள் தீவிர ரசிகர்கள். அவர்களுடைய கருத்து மிகையான மகிழ்ச்சியாகவோ மிகையான ஏமாற்றமாகவோ இருக்கும். பாடசாலை விடுமுறையில் பிற்பகல் காட்சிக்கு வருபவர்கள் பிள்ளைகளோடு வரும் பெற்றோர். வேலைநாள் இரவுக் காட்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் கார்ட்டூன் பார்த்து வளர்ந்து இப்போது அலுவலகம் முடித்து வரும் இளைஞர்கள். இம்மூன்று கூட்டத்தையும் தொடுவதற்கு ஒரு வாரம் போதும். மழை பெய்யும் மாலையில் யாரும் நின்று பேசமாட்டார்கள். அன்றைக்குப் போகாமலே விடலாம்.

கேள்விகளும் அவற்றின் ஒழுங்கும்

இதுவே முழு வேலையின் உயிர்நிலை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதற்கேள்வி கார்ட்டூனைப் பற்றியதாக இருக்க வேண்டும்: எங்கே பார்த்தார், எந்த மொழியில், யாரோடு. இந்தக் கேள்விக்கு எவரும் தயங்குவதில்லை. முகம் மலர்ந்து பேசத் தொடங்குவார்கள். இரண்டாவது, முதற்படத்தைப் பார்த்தாரா என்பது. பார்க்கவில்லை என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள். தொடர்ச்சிப் படத்தைக் குழப்பமாக இருந்தது என்று அவர் சொன்னால் அதற்கு வேறு பெறுமதி. மூன்றாவது, படத்தில் இப்போதும் கண்ணுக்குள் நிற்கும் ஓர் இடம் எது என்பது. நான்காவதாக மட்டுமே, அவருக்குப் பிடித்ததா இல்லையா என்பதைத் தொடலாம். பெரும்பாலும் அதற்குள் பதில் தானாகவே வந்திருக்கும்.

இவற்றில் மூன்றாவதையே நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். “எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு நம்மவர்கள் சொல்லும் “பரவாயில்லை” என்பது மரியாதைக்குரிய பதில், அதில் கருத்து இல்லை. ஆனால் ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், அந்த இடத்தைத் தெரிவு செய்வதிலேயே அவருடைய முழுத் தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. மாலைக்காட்சி முடிந்து காலி வீதியில் முச்சக்கரவண்டிக்காகக் காத்திருக்கும் ஒரு தாயிடம் ஓர் இளைஞர் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

“அக்கா, படம் பார்த்திட்டுத்தானே வாறீங்க? ரெண்டு நிமிசம் கதைக்கலாமா?”

“ஓம் தம்பி, சொல்லுங்க. ஆனா ஆட்டோ வந்தா போயிருவன்.”

“இந்தக் கார்ட்டூனை முதல்முதல் எங்க பார்த்தீங்க?”

“வீட்டிலதான். சிங்களத்தில போகும். அண்ணாவும் நானும் நிலத்தில இருந்து பார்ப்பம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டம்.”

“முதல் படம் பார்த்தீங்களா?”

“இல்ல. மகன்தான் பார்த்தவன், ஃபோன்ல.”

“இந்தப் படத்தில எந்த இடம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது?”

“அந்த நாய் பாலத்துக்குக் கீழ தனிய நிக்கிற இடம். அதில மட்டும் அது பேசாம நிண்டது. மற்ற நேரமெல்லாம் பகிடி விட்டுக்கொண்டே இருந்தது, எனக்குத் தலையிடி. கார்ட்டூனில அது பேசவே பேசாது. ஆனா அது என்ன நினைக்குதெண்டு எங்களுக்கு விளங்கும்.”

அந்தத் தாயிடம் படம் எப்படி என்று கேட்டிருந்தால், அருகில் நிற்கும் மகனின் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாமல் “நல்லா இருந்தது” என்று சொல்லியிருப்பார். இப்போது நமக்குக் கிடைத்திருப்பது ஒரு நுட்பமான விமரிசனம். பேசாத விலங்கை நடிகர் படத்தில் பேசவைத்ததால், அதன் மனத்தைத் தாமே ஊகித்தறியும் இன்பத்தைப் பார்வையாளர் இழந்துவிட்டார் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அவர் முதற்படத்தைப் பார்க்கவில்லை என்பதையும் நாம் அறிவோம். ஆகவே அவருடைய ஒப்பீடு நேரே கார்ட்டூனோடுதான். சில நிமிடங்களில் இவ்வளவும் கிடைத்தது கேள்விகளின் ஒழுங்கினால்.

பதிலை வாயில் ஊட்டும் கேள்விகளைத் தவிர்க்க வேண்டும். “பழைய கார்ட்டூனின் அழகு இதில் இல்லைத்தானே?” என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் ஓம் என்பார்கள்; நம்மிடம் பேசுபவரோடு முரண்பட நாம் கூசுவோம், அதிலும் கேட்பவர் ஒலிவாங்கி பிடித்திருந்தால் இன்னும் கூசுவோம். பழையது எல்லாம் உயர்ந்தது என்ற எண்ணம் கேட்பவருடைய மனத்தில் இருந்தால், அது குரலிலேயே தெரிந்துவிடும். அதேபோல “கார்ட்டூன் மாதிரி இல்லை” என்று எவராவது சொன்னால் அங்கேயே நின்று எது மாதிரி இல்லை என்று கேளுங்கள். உருவமா, குரலா, கதையா, வேகமா என்று தெரிவுகளை நீங்களே அடுக்கவேண்டாம். பொறுமையாக நின்றால் அவரே சொல்வார். சிலர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “எனக்குத்தான் வயசு போயிட்டுது” என்று சொல்வதும் உண்டு. அதையும் அப்படியே எழுதுங்கள். படத்தைப் பற்றி அதைவிட நேர்மையான சாட்சியம் கிடைப்பது அரிது.

பிள்ளைகளிடம் கேட்பது

பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையிடமும் பேசக்கூடாது. புகைப்படம் எடுக்கவும் கூடாது. பெயரும் பாடசாலையும் தேவையில்லை; வயதும் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார் என்பதும் போதும். சம்மதம் கிடைத்ததும், பெற்றோர் பார்வையில் இருக்கும்படியாக, ஆனால் அவர்கள் பதில் எடுத்துக்கொடுக்க முடியாத தொலைவில் நின்று பேசுங்கள். தகப்பனாருடைய கருத்தைப் பிள்ளை முதலில் கேட்டுவிட்டால், அதன் பிறகு நமக்குக் கிடைப்பது தகப்பனாருடைய கருத்தின் பிரதிதான். முடிந்தால் பிள்ளையிடம் முதலிலும் பெற்றோரிடம் பிறகும் கேளுங்கள்.

பிள்ளைகளிடம் ஒப்பீடு கேட்பதில் பொருளில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு 1980களின் கார்ட்டூன் ஒரு செவிவழிக் கதை மட்டுமே. அதற்கு இந்தப் படம்தான் மூலம். அதனிடம், “நாளைக்கு விளையாடும்போது யாராக விளையாடுவாய்?” என்று கேட்டுப் பாருங்கள். படத்தின் நாயகனைச் சொல்லாமல் ஓரத்தில் வந்த ஒரு பாத்திரத்தைச் சொன்னால், அது படத்தைப் பற்றிய ஆழமான கருத்து. எந்த இடத்தில் பயம் வந்தது, எந்த இடத்தில் வெளியே போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும் போல் இருந்தது என்பவையும் நல்ல கேள்விகள். ஒரே குடும்பத்தில் தாய்க்குப் பிடிக்காத இடமே பிள்ளைக்கு மிகப் பிடித்த இடமாக அமையும்போது, அவ்விரு பதில்களையும் அருகருகே வைத்து எழுதுவதுதான் இந்த வேலையில் கிடைக்கும் மிகச் சிறந்த பகுதி.

எண்களை எப்படி வாசிப்பது

தொகுப்பில் உலகளாவிய மதிப்பெண்களையும் வசூலையும் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேர்க்கலாம், ஆனால் அவை எதை அளக்கின்றன என்பதை அறிந்தே சேர்க்க வேண்டும்.

விமரிசனங்களைத் திரட்டும் இணையதளமான ரொட்டன் டொமேட்டோஸில் ஒரு படத்துக்கு 90 வீதம் என்றிருந்தால், விமரிசகர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி கொடுத்தார்கள் என்பது அதன் பொருள் அன்று. நூறு பேரில் தொண்ணூறு பேர் சாதகமாக எழுதினார்கள் என்பதே பொருள். எல்லோரும் “பரவாயில்லை” என்று எழுதிய படமும் அந்த எண்ணைப் பெறலாம். பார்வையாளருக்கான மதிப்பெண் தனியானது. படம் வெளிவருமுன்பே கருத்துப் பதியும் வசதியை அந்நிறுவனம் 2019 இல் நீக்கி, நுழைவுச்சீட்டு வாங்கியவர் என உறுதிசெய்யப்பட்டவர்களின் மதிப்பீட்டைப் பிரித்துக் காட்டத் தொடங்கியது. சினிமாஸ்கோர் என்பது முதல்நாள் இரவு அரங்குக்கு வந்தவர்களிடம் அட்டை கொடுத்துப் பெறும், ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையான தரம். அது வட அமெரிக்காவில் மட்டும் எடுக்கப்படுவது. முதல்நாளே ஓடிவரும் ரசிகர்கள் இயல்பாகவே தாராளமாக மதிப்பிடுவார்கள் என்பதால், அதில் ‘பி’ என்பதே தொடர்ச்சிப் படமொன்றுக்கு அவ்வளவு நல்ல சேதியல்ல.

வசூலும் கருத்தும் ஒன்றல்ல என்பதற்கு ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸே சான்று. 2009 ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தை விமரிசகர்கள் பெரும்பாலும் நிராகரித்தார்கள். அவ்வாண்டின் மோசமான படத்துக்கான ராஸி பரிசும் அதற்குக் கிடைத்தது. உலகெங்கும் அது 830 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. விமரிசகர்கள் ஏறத்தாழ ஒருமித்துப் பாராட்டிய ‘பம்பிள்பீ’ ஈட்டியது சுமார் 468 மில்லியன். 2009 இல் சீட்டு வாங்கியவர்கள் பலர் 2007 ஆம் ஆண்டுப் படம் பிடித்திருந்ததால் வந்தவர்கள்; தொடர்ச்சிப் படத்தின் முதல்வாரக் கூட்டம் முந்தைய படத்தைப் பற்றிய வாக்கு என்றே நான் கொள்கிறேன்.

டீனேஜ் மியூட்டன்ட் நின்ஜா டர்ட்டில்ஸ் இன்னும் நுட்பமான பாடம். 2014 ஆம் ஆண்டு நடிகர் படம் 480 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. 1987 இல் தொடங்கிய கார்ட்டூனில் வந்த பீபொப், ரொக்ஸ்டெடி, க்ராங் ஆகிய வில்லன்கள் அதில் இல்லை. 2016 ஆம் ஆண்டு இரண்டாம் பாகத்தில் மூவரும் வந்தார்கள். கார்ட்டூன் ரசிகர் பலர் மனம் குளிர்ந்தார்கள். வசூலோ சுமார் 245 மில்லியனாகக் குறைந்தது. உரத்துக் கேட்பவர்கள் விரும்பியது கிடைத்தும் பொதுவாக வருபவர்கள் வராமல் விட்டார்கள். உங்கள் தொகுப்பில் தீவிர ரசிகர்களின் குரல் மட்டும் நிறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

படத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்தையும் முன்னோட்டத்தைப் பார்த்துச் சொல்லும் கருத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. 2019 ஏப்ரல் இறுதியில் ‘சொனிக்’ படத்தின் முன்னோட்டம் வெளியானபோது, மனிதப் பற்களோடு தோன்றிய சொனிக் பாத்திரத்தின் உருவத்தை மக்கள் அவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள். சில நாட்களுக்குள்ளேயே உருவத்தை மாற்றுவதாக இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் அறிவித்தார். நவம்பரில் வரவிருந்த படம் 2020 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. வீடியோ விளையாட்டிலிருந்து கார்ட்டூனுக்கும் அங்கிருந்து திரைக்கும் வந்த அந்தத் தொடர் 2022 இலும் 2024 இலும் அடுத்த பாகங்களைக் கண்டது. பார்வையாளர் கருத்து ஒரு படத்தையே மாற்றிய அரிய நிகழ்வு அது. ஆனாலும் மக்கள் அன்று பேசியது இன்னும் பாராத ஒரு படத்தைப் பற்றி. உங்கள் குறிப்பேட்டில் அது ‘எதிர்பார்ப்பு’ என்ற தனிப் பக்கத்துக்கு உரியது.

உள்ளூர் அரங்கின் கூட்டத்தையும் காலத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்த கொழும்பில், எரிபொருள் வரிசையில் இரவைக் கழித்தவர்கள் படத்துக்கு வராததை வைத்துப் படத்தை மதிப்பிட முடியுமா? இன்றும் நால்வர் கொண்ட ஒரு குடும்பம் படத்துக்குப் போவதென்றால் சீட்டு, சோளப்பொரி, போக்குவரத்து என்று நன்றாகவே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. “வீட்டிலேயே பார்த்திருக்கலாம்” என்ற பதில் பல வேளைகளில் பணப்பையின் குரல். அதைப் படத்தின் குறையாக எழுதுமுன், வீட்டில் பார்த்திருந்தால் பிடித்திருக்குமா என்று ஒரு கேள்வி கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எழுதும்போது

இருபது பேரிடம் கேட்டுவிட்டு “75 வீதமானோர்” என்று எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். “பேசியவர்களில் பதினைந்து பேர்” என்றே எழுதுங்கள். எங்கே, எந்தக் காட்சிக்குப் பின், எந்தத் திகதிகளில் கேட்டீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிடித்தவர், பிடிக்காதவர் என்று இரண்டு பத்தியாகப் பிரிப்பது இலகுவான வழி. ஆனால் அதில் வாசகர் கற்பது குறைவு. கார்ட்டூனோடு வந்தவர்கள், முதற்படத்தோடு வந்தவர்கள், ஒன்றும் தெரியாமல் பிள்ளைக்காக வந்தவர்கள் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பிடித்தவரும் பிடிக்காதவரும் இருப்பார்கள். அவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள் என்பது அப்போதுதான் வெளிப்படும். கார்ட்டூனோடு வந்தவர்களை மொழியால் மேலும் பிரிக்கலாம். தமிழ்க் குரலேற்றத்தில் பார்த்தவர்களும் சிங்களத்தில் பார்த்தவர்களும் ஒரே பாத்திரத்தை எப்படி வேறுவேறாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை, எனக்குத் தெரிந்தவரை, இங்கே யாரும் உரிய கவனத்தோடு எழுதவில்லை. கொழும்பில் இருப்பவர்கள்தான் அதை எழுத முடியும்.

பேசியவரின் சொற்களை அவர் பேசியபடியே மேற்கோளாகத் தாருங்கள். “நிண்டது” என்றவரை “நின்றது” என்று திருத்தவேண்டாம். மலையகத்திலிருந்து வந்து புறக்கோட்டையில் கடை நடத்துபவரின் தமிழையும் மருதானை முஸ்லிம் அன்பரின் தமிழையும் ஒரே சாயத்தில் தோய்க்கவும் வேண்டாம். உங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். அவர்களுடைய கருத்து அவர்களுடைய வாயிலிருந்து வரட்டும். உங்களுக்குப் படம் பிடித்ததா என்பதைச் சொல்ல விரும்பினால் அதற்கெனத் தனிப் பந்தி ஒதுக்குங்கள். மேற்கோள்களுக்கு இடையில் அதை ஒளித்துவைக்க வேண்டாம். கதையின் திருப்பங்களைத் தொடும் மேற்கோள்களைக் கட்டுரையின் பிற்பகுதிக்குத் தள்ளி, அதற்கு முன் ஓர் எச்சரிக்கை வரியும் இடுங்கள்.

இரண்டாம் முறை கேட்பது

அரங்கு வாசலில் சொன்ன கருத்து இறுதிக் கருத்தன்று. இசை இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் படத்தைப் பற்றிப் பேசுபவர், ஒரு மாதத்துக்குப் பிறகு வேறுவிதமாகப் பேசுவார். சம்மதித்தவர்களில் ஐந்தாறு பேருடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, ஆறேழு வாரம் கழித்து மீண்டும் பேசுங்கள். அதற்குள் சிலர் வீட்டில் பழைய கார்ட்டூனைத் தேடி எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருப்பார்கள். நினைவில் இருந்த கார்ட்டூனும் உண்மையான கார்ட்டூனும் ஒன்றல்ல என்று கண்டிருப்பார்கள். பிள்ளைக்கு அந்தப் பழைய கார்ட்டூன் பிடித்ததா என்று கேட்க மறக்கவேண்டாம். முதற்பதிலையும் இரண்டாம் பதிலையும் திகதியோடு அடுத்தடுத்து அச்சிடுங்கள், எது சரியென்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாமல். வேலை முடிந்ததும் அந்த இலக்கங்களை அழித்துவிடுங்கள். வெளியான பிரதியொன்றை அவர்களுக்கு அனுப்பிய பிறகு.